இடியாத கோயில்

அந்த வீடியோ செவ்வாய்க்கிழமை காலை ஏழேகாலுக்கு ஏறியது. எட்டரைக்குள் நாற்பதாயிரம் பேர் பார்த்துவிட்டார்கள். மஞ்சள் தலைக்கவசம் போட்ட ஆட்கள் சம்மட்டியால் அம்மன் சிலையை உடைக்கிறார்கள். புல்டோசர் ஒன்று கோபுரத்தைத் தள்ளுகிறது. கீழே தமிழிலும் மலாயிலும் எழுதியிருந்தது: 'இன்று விடியற்காலை, பெல்வூட் தோட்டத்து மாரியம்மன் கோயில். யார் செய்தார்கள் என்று உங்களுக்கே தெரியும். எல்லாரும் கிளம்பி வாருங்கள்.'

'எங்க வீடு பெல்வூட்' என்ற முகநூல் பக்கத்தில்தான் அது வந்திருந்தது. அந்தப் பக்கத்தைத் தொடங்கி நடத்திவந்தவள் தினேஸ்வரி. அவள் அதைப் போடவில்லை.

மலேசியாவின் ஈப்போ நகரில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் அவளுக்கு முன்மேசை வேலை. வெறும் வயிற்றோடு வந்து உட்கார்ந்திருந்த ஆட்களுக்கு நம்பர் சீட்டு கொடுத்துக்கொண்டிருந்தபோது கைப்பேசி விடாமல் அதிர்ந்தது. எடுத்துப் பார்த்ததும் முதலில் நம்பிவிட்டாள். அடுத்த நொடியே தெரிந்துவிட்டது. வீடியோவில் கோபுரத்துக்குப் பின்னால் தென்னை மரங்கள் நின்றன. பெல்வூட் கோயிலுக்குப் பின்னால் தென்னை கிடையாது. சுண்ணாம்புக்கல் மலைதான் சுவர்போல எழும்பி நிற்கும். இது வேறு ஏதோ நாட்டில் என்றைக்கோ எடுத்த படம்.

அழிக்கப் பார்த்தாள். பக்கம் அவளை உள்ளே விடவில்லை. நிர்வாகிகள் பட்டியலில் அவள் பெயரே இல்லை.

முதலாளியிடம் "வீட்டுல அவசரம் பாஸ்" என்று மட்டும் சொல்லிவிட்டு மோட்டார் சைக்கிளைக் கிளப்பினாள். தோட்டத்துக்கு இருபத்தைந்து நிமிடம். நுழைவாயிலில் அதற்குள் முப்பது நாற்பது மோட்டார் சைக்கிள்கள் நின்றன. எல்லாம் வெளியூர் முகங்கள். சிலர் கையில் கட்டை. குடியிருப்பாளர் குழுவின் தலைவர் சன்னாசி, ஐம்பத்தெட்டு வயது, முன்பு தோட்டத்து லாரி ஓட்டியவர், தன் பழைய வேனைக் குறுக்கே நிறுத்திவிட்டு அதன் முன்னால் கையை விரித்து நின்றார்.

"கோயில் நல்லா இருக்குன்னு சொல்றேன்ல! நம்ப மாட்றீங்களே!"

"நீ யாரு? அவனுங்க கிட்ட காசு வாங்குனியா?" என்று ஒருவன் கத்தினான்.

தினேஸ்வரி தன் சொந்தக் கணக்கில் நேரலையைத் தொடங்கினாள். மோட்டார்களுக்கு நடுவே நடந்துகொண்டே பேசினாள். "என் பேரு தினேஸ்வரி. நான் இந்தத் தோட்டத்துலயே பொறந்தவ. இப்ப மணி ஒம்பது அஞ்சு. வாங்க, கோயிலுக்குப் போலாம். நீயும் வா தம்பி, அந்தக் கட்டையக் கீழ போட்டுட்டு வா." கட்டை வைத்திருந்தவன் ஏனென்று தெரியாமலே பின்னால் வந்தான். மற்றவர்களும் வந்தார்கள். கோயில் அப்படியே நின்றது. படியில் தோட்டத்தின் பழைய தொழிலாளி, வயதான கருப்பம்மாள் உட்கார்ந்து பூக் கட்டிக்கொண்டிருந்தாள். "என்னாடி இவ்வளவு கூட்டம்? இன்னிக்கி பூசையா?" என்று கேட்டாள். அதுவும் நேரலையில் போனது. யாரோ சிரித்தார்கள். பன்னிரண்டு மணிக்குள் மோட்டார்கள் கிளம்பிப் போயின.

அவள் அப்போதுதான் கோயில் படியில் உட்கார்ந்தாள்.

பெல்வூட்டில் பால்மரம் என்கிற ரப்பரை வெட்டி அழித்து முப்பது வருடமாகிறது. பிறகு எண்ணெய்க்காகச் செம்பனை நட்டார்கள். அதுவும் போய், நிலம் ஒரு வீடமைப்பு நிறுவனத்தின் கைக்கு வந்தது. நாற்பத்து மூன்று குடும்பங்கள் இன்னும் தோட்டத் தொழிலாளருக்கென்று வரிசையாகக் கட்டிய பழைய லயத்து வீடுகளில் இருந்தன. மாற்று வீடு தருவோம் என்று பழைய நிர்வாகம் எழுதிக் கொடுத்த கடிதம் இருக்கிறது. புது நிறுவனம் அது எங்களைக் கட்டுப்படுத்தாது என்றது. நான்கு வருடமாக மனு, கடிதம், படியேறல். அந்தப் பக்கத்தை அதற்காகத்தான் தொடங்கினாள்.

ஒன்றரை வருடத்துக்கு முன் கோலாலம்பூரிலிருந்து 'தித்தியான் லென்சா ஊடக மையம்' என்று ஓர் அமைப்பு தேடி வந்தது. சிறு சமூகங்களின் குரலை உலகத்துக்குக் கொண்டுபோகிறோம் என்றார்கள். ஒரு ஹோட்டலில் இரண்டு நாள் பயிற்சி கொடுத்தார்கள். ஒரு கேமரா, இரண்டு கைப்பேசி, மாதா மாதம் இணையச் செலவுக்கு ஒரு தொகை. பயிற்சியில் பேசிய ஏட்ரியன் வெளிநாட்டுக்காரர், மலாய் அழகாகப் பேசுவார். தினேஸ்வரியின் படங்களைத் திரையில் போட்டு, "இவர் பத்திரிகையாளராகியிருக்க வேண்டும்" என்றார். அந்த வார்த்தை அவளுக்குப் பிடித்திருந்தது. பக்கத்தை மெருகேற்ற நிர்வாகி உரிமை கேட்டபோது தயங்காமல் கொடுத்தாள். அதன் பிறகு அவர்கள் எழுதி அனுப்பிய இரண்டு பதிவுகளைச் சரிபார்க்காமலே போட்டும் இருக்கிறாள். கொஞ்சம் சூடாக இருந்தன. ஆனால் 'லைக்' கொட்டியது.

இப்போது ஏட்ரியனை அழைத்தாள். அவர் பதறவில்லை.

"தினேஸ், ஒரே ஒரு நாள் அப்படியே விடுங்கள். யாரோ தவறான படத்தைப் போட்டுவிட்டார்கள், விசாரிக்கிறேன். ஆனால் பாருங்கள், நாடே இப்போது பெல்வூட் என்ற பெயரைச் சொல்கிறது. நான்கு வருடத்தில் இது நடந்ததா?"

"அது எங்க கோயில் இல்ல."

"உணர்வு உண்மைதானே?" என்றார் அவர்.

அன்று பிற்பகல் மூன்று மணிக்கு, நான்கு வருடமாக ஒரு கடிதத்துக்குக்கூடப் பதில் போடாத வீடமைப்பு நிறுவனத்தின் மேலாளர் சன்னாசியை அழைத்தார். கலவரம் ஏதும் வேண்டாம், பேசுவோம், பதினான்காம் தேதி மாநிலச் சமரசக் குழுவின் விசாரணை வருகிறது, அதற்கு முன்பே ஏதாவது முடிவு செய்யலாம் என்றார்.

சாயங்காலம் பூப்பந்து மைதானத்தில் எல்லாரும் கூடினார்கள். சன்னாசியின் முகத்தில் வெளிச்சம்.

"பயந்துட்டானுங்க லா. மொத தடவையா அவனே போன் பண்றான். தினேசு, நீ இன்னிக்கி பண்ணது சரிதான், அடிதடி ஆகாம காப்பாத்துன. ஆனா போதும். இனிமே அந்த வீடியோவப் பத்தி வாயத் தொறக்காத. கோயில ஒடைக்கப் பாத்தாங்கன்னு ஒரு பேச்சு இருந்தா இருக்கட்டும்."

"ஒடைக்கலயே அண்ணே."

"நாலு வருஷம் உண்மைய வச்சுக்கிட்டு என்னா கெடச்சிச்சி? சொல்லு."

கூட்டத்தில் பலர் தலையாட்டினார்கள். கூரை ஒழுகும் வீட்டில் இருப்பவர்கள் அவர்கள். அவள் வீடும் ஒழுகத்தான் செய்கிறது.

"பொய்ய வச்சு வாங்குற வீட்டுக்கு, அந்தப் பொய்யச் சொன்னவன் கையிலதான் சாவி இருக்கும்," என்றாள் கடைசியில். "இன்னிக்கி நம்மளக் கேக்காமலே நம்ம பேர்ல நாப்பது பேரக் கட்டையோட கூப்டான். நாளைக்கி என்னாத்துக்குக் கூப்டுவான்? யாரு அவன்? எனக்குத் தெரியாது. உங்களுக்குத் தெரியுமா?"

"நீதானே கூட்டிக்கிட்டு வந்த அவன?" என்றார் சன்னாசி.

"ஆமா. நான்தான். அதனாலதான் நானே போலீஸ்ல போயி சொல்லப் போறேன்."

சன்னாசி எழுந்து போய்விட்டார். பின்வரிசையில் யாரோ 'போலீஸ்காரி' என்று முணுமுணுத்தார்கள்.

மறுநாள் அவள் போய்ச் சொல்வதற்குள் அரசாங்கத்திலிருந்தே அழைத்துவிட்டார்கள். ஈப்போவில் ஓர் அரசுக் கட்டடத்தின் நான்காவது மாடி. அறையில் இருந்தவர் மதீசன், வெளிநாட்டுத் தலையீடுகளைக் கவனிக்கும் ஒரு பிரிவின் அதிகாரி. நாற்பத்தைந்து வயதிருக்கும், மெல்லிய ஆள், கண்ணாடி. பெயரைக் கேட்டதும் இலங்கை வழிவந்த சிலோன்காரர் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. அவர் தண்ணீர்ப் போத்தலை நகர்த்திவைத்துவிட்டு மூன்று காகிதங்களை வரிசையாகப் போட்டார்.

"இது உங்க பக்கம். இது மலாய்ல ஒரு பக்கம், கெடா மாநிலத்துல இருந்து நடத்துறதா சொல்றாங்க. இது சீன மொழியில. நேத்து காலையில உங்க பக்கத்துல கோயில் வீடியோ. கூட்டம் வந்து சேந்த பத்து நிமிஷத்துல மலாய் பக்கத்துல, 'பெல்வூட்ல கூட்டம் சேருது, கடைகள அடிக்கப் போறாங்க'ன்னு ஒரு பதிவு. மூணாவது பக்கத்துல, 'பாருங்க, இவங்க ரெண்டு இனமும் அடிச்சுக்கப் போறாங்க, அரசாங்கத்தால ஒன்னும் முடியல'ன்னு. மூணும் ஒரே இடத்துலேருந்து. நாட்டுக்குள்ள இல்ல."

தினேஸ்வரி காகிதங்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். இரண்டாவது பதிவில் கட்டையோடு நின்ற ஆட்களின் படம் இருந்தது. கூட்டத்துக்கு நடுவிலிருந்து எடுத்த கோணம். கூட்டத்தில் வந்தவர்களில் ஒருவன் அதற்கென்றே அனுப்பப்பட்டிருக்கிறான்.

"அப்ப எங்க வீட்டப் பத்தி அவங்களுக்கு அக்கறையே இல்ல."

"இல்ல. உங்களுக்கு நியாயமா ஒரு வலி இருக்கு. அது அவங்களுக்குத் தேவை. இல்லாத சண்டைய உண்டாக்குறது கஷ்டம். இருக்குற காயத்தக் கிளறுறது சுலபம்."

அவள் தான் செய்தது முழுவதையும் சொன்னாள். பயிற்சி, கேமரா, மாதத் தொகை, சரிபார்க்காமல் போட்ட இரண்டு பதிவு, ஒன்றையும் விடவில்லை. அவர் எழுதிக்கொண்டார். பிறகு கைப்பேசியை ஒப்படைக்கச் சொன்னார். இங்கேதான் அவள் பிடிவாதம் தொடங்கியது.

"தர மாட்டேன் சார்."

அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"தர மாட்டேன்னா, இப்ப தர மாட்டேன். இதுல எங்க நாலு வருஷமும் இருக்கு. பழைய நிர்வாகம் குடுத்த கடிதம், மேலாளர் பேசுன குரல்பதிவு, ஒவ்வொரு வீட்டு பில். பதினாலாம் தேதி விசாரணை. இது உங்க அலமாரிக்குள்ள போயிடுச்சின்னா அன்னிக்கி நாங்க வெறுங்கையோட நிப்போம். மொதல்ல எல்லாத்துக்கும் நகல் எடுத்து, இது சரியான நகல்னு நீங்க கையெழுத்துப் போட்டுக் குடுங்க."

"அது செய்யலாம்."

"இன்னொன்னு. உங்க அறிக்கையில எங்க பேரு வரும். வெளிநாட்டுக் காசு, வெளிநாட்டு வேலைன்னு வரும். அத நாளைக்கி நிறுவனத்து லாயர் எடுத்துக் காட்டுவான். எங்க கோரிக்கை எங்களுதுதான், அவங்க வர்றதுக்கு முன்னாடியே இருந்துச்சின்னு அதே அறிக்கையில எழுதணும்."

மதீசன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நான் நேர்ல பார்க்காதத எழுத முடியாது."

"அப்ப வந்து பாருங்க லா."

அவர் ஞாயிற்றுக்கிழமை வந்தார். தனியாக, தன் சொந்தக் காரில். கருப்பம்மாள் வீட்டு மேசையில் காகிதங்களைப் பரப்பினார்கள். ஒவ்வொரு கடிதத்தையும், தபால் முத்திரையையும், பெற்றுக்கொண்ட கையெழுத்தையும் பார்த்தார். முதல் மனு ஏட்ரியன் வருவதற்கு இரண்டரை வருடம் முன்னால் கொடுத்தது. மாவட்ட நில அலுவலகத்தின் முத்திரை அதில் தெளிவாக இருந்தது. அதை மட்டும் மூன்று கோணத்தில் படம் எடுத்தார்.

கருப்பம்மாள் அவருக்குப் பால் சேர்க்காத தே ஓ தேநீரை வைத்துவிட்டு நேராகக் கேட்டாள். "நீங்க சிலோன்காரர்தானே? எங்க தோட்டத்துல கணக்கெழுதுன கிராணிங்க எல்லாம் உங்க ஆளுங்கதான். பதிவுல எங்க பேரத் தப்புத்தப்பாப் போடுவாங்க."

"எங்க தாத்தா ரயில்வேயில இருந்தாரு," என்றார் மதீசன், கொஞ்சம் அவசரமாக.

"ரயில்வேயா? அப்ப சரி."

தினேஸ்வரிக்குச் சிரிப்பு வந்தது. அவருக்கும் வந்தது. ஈப்போவை ஒட்டிய குனோங் ராபாட்டில்தான் குடியிருப்பதாகச் சொன்னார். இருபது நிமிடத் தூரம்தான், ஆனால் இத்தனை வருடத்தில் ஒரு லயத்து வீட்டுக்குள் கால் வைத்ததில்லை என்றார். அதை மன்னிப்புக் கேட்கிற தொனியில் சொல்லவில்லை. உள்ளதைச் சொன்னார். மாலை ஐந்து மணிக்குக் கிளம்பும்போது, "எழுதுறேன்," என்றார். "ஆனா என் பக்கத்துலேருந்து ஒரு உதவி கேக்கணும். நீங்க முடியாதுன்னு சொல்லலாம். சொன்னாலும் நான் எழுதுறத எழுதுவேன்."

ஏட்ரியனோடு பேச்சை முறிக்காமல் வைத்திருக்க வேண்டும். அவரை நேரில் வரவழைக்க வேண்டும். அதுதான் உதவி.

"அவர் யாருன்னு எங்களுக்குத் தெரியும்," என்றார் மதீசன். "ஆனா தெரிஞ்சா மட்டும் போதாது. வாயால சொல்லணும், நாங்க கேக்கணும்."

தினேஸ்வரி இரண்டு நாள் யோசித்தாள். பயம் இருந்தது. யாருக்கு வேலை செய்கிறோம் என்ற கேள்வியும் இருந்தது. அரசாங்கம் அவர்களுக்கு இதுவரை என்ன செய்திருக்கிறது? ஆனால் கட்டையோடு வந்தவனின் முகம் நினைவுக்கு வந்தது. இருபது வயதுகூட இருக்காது. கோயில் போய்விட்டதென்று அழுதுகொண்டே வந்திருந்தான். அவனை அழவைத்தது அவள் பெயரில் வந்த பதிவு.

ஏட்ரியனுக்குச் செய்தி அனுப்பினாள். 'கோபத்தில் பேசிவிட்டேன். நிறுவனம் இறங்கி வருகிறது. பதினான்காம் தேதிக்கு என்ன செய்யலாம்?'

பதில் நான்கு நிமிடத்தில் வந்தது.

ஈப்போ பழைய நகரத்தில் ஒரு ஹோட்டலின் கோப்பிக் கூடத்தில் சந்திப்பு. காலை பதினோரு மணி. மதீசன் சொல்லிக்கொடுத்தது கொஞ்சம்தான். "நீங்க அதிகம் பேச வேணாம். ஒரு கேள்வி கேளுங்க, அப்புறம் சும்மா இருங்க. அமைதி நீண்டா அவங்களே நிரப்புவாங்க. பயமா இருந்தா எழுந்து கழிப்பறைக்குப் போங்க. அங்க எங்க ஆள் இருக்காங்க." பக்கத்து மேசையில் ஒரு தம்பதி தேங்காய்ப்பால் ஜாம் தடவிய காயா ரொட்டி சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அவர்கள்தான் மதீசனின் ஆட்கள் என்று அவளுக்குத் தெரியாது. பிறகுதான் சொன்னார்கள்.

ஏட்ரியன் வெள்ளைச் சட்டையில் வந்தார். நலம் விசாரித்தார். கூரை ஒழுகுவதைப் பற்றிக்கூட நினைவு வைத்துக் கேட்டார். தினேஸ்வரி ஒயிட் கோப்பி வாங்கினாள்.

"பதினாலாம் தேதி நாங்கள் என்ன செய்யவேண்டும்?" என்று மலாயில் கேட்டுவிட்டுக் கையை மடியில் வைத்துக்கொண்டாள்.

அவர் சுற்றிலும் ஒரு பார்வை பார்த்தார். "கூட்டம் அமைதியாக இருந்தால் யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள். அந்தச் செவ்வாய்க்கிழமையே பார்த்தீர்கள் அல்லவா?"

அவள் பேசவில்லை.

"இரண்டு வேனில் நண்பர்கள் வருவார்கள். உங்கள் ஆட்களோடு கலந்து நிற்கட்டும். சிவப்புச் சட்டை போட்டிருப்பார்கள். பெண்கள் முன்வரிசையில் நிற்கட்டும். வயதானவர்கள் இருந்தால் இன்னும் நல்லது. கேமராவில் அதுதான் நிற்கும்."

கருப்பம்மாளின் முழங்கால் அவள் கண்முன் வந்தது. படியேறுவதற்கே யாராவது கைகொடுக்க வேண்டும்.

"அவர்களுக்கு அடிபட்டால்?"

"அதையும் யோசித்திருக்கிறோம்," என்றார் ஏட்ரியன், மிகவும் கனிவாக. "மருத்துவச் செலவு முழுக்க எங்களுடையது. உங்களைக் கைவிடமாட்டோம்."

அந்தக் கனிவுதான் அவளை உலுக்கியது. அவர் பொய் சொல்லவில்லை. உண்மையிலேயே பணம் கட்டுவார். அடிபடுவதும் கட்டுப்போடுவதும் இரண்டும் அவர் பட்டியலில் ஏற்கெனவே இருந்தன. எழுந்து கழிப்பறைக்குப் போய்விடலாம் என்று ஒரு கணம் தோன்றியது. போகவில்லை. நாற்காலியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு அடுத்ததைக் கேட்டாள்.

"வேன் யார் ஏற்பாடு?"

அவர் மைய இயக்குநரின் பெயரைச் சொன்னார். கிளம்பும் இடத்தையும் சொன்னார். கிளம்பும்போது அவள் கையில் ஒரு புதுக் கைப்பேசியைக் கொடுத்து, இனி இதில் மட்டும் பேசுங்கள் என்றார். பிறகு வாசலில் காத்திருந்த காரில் ஏறிப் போனார்.

யாரும் அவரைத் தடுக்கவில்லை. தினேஸ்வரி கார் நிறுத்துமிடத்தில் மதீசனைப் பார்த்ததும் வெடித்தாள்.

"பிடிக்கலயா? எல்லாத்தையும் சொல்லிட்டானே! உங்க முன்னாலயே கைய வீசிக்கிட்டுப் போறான்!"

"பிடிக்க முடியாது. அவர் தூதரகத்து ஆள். மையம், பயிற்சி எல்லாம் மேல்பூச்சு. கையில விலங்கு மாட்ட நமக்கு உரிமை இல்ல."

"அப்ப எதுக்கு இதெல்லாம்?"

"வெளியே போன்னு சொல்ல உரிமை இருக்கு. அதுக்குக் காரணம்கூடச் சொல்ல வேண்டியதில்ல. ஆனா காரணம் கையில இருந்தாத்தான் மேல இருக்கறவங்க சொல்லுவாங்க. நீங்க இன்னிக்கி குடுத்தது அதுதான்."

"பேப்பர்ல வருமா?"

"வராது. அவங்க தூதரக் கூப்பிட்டு ஒரு அறையில சொல்லுவாங்க. அவ்வளவுதான்."

"அவ்வளவுதானா!"

"அவ்வளவுதான்," என்றார் மதீசன். "எனக்கும் சில நாள் போதாதுன்னுதான் தோணும். ஆனா அவங்களுக்கு இது ரெண்டு வருஷ வேலை. அது போச்சு. இங்க உள்ள ஆளுங்களுக்குச் சட்டம் இருக்கு. அவங்கள விட மாட்டோம்."

அப்படியே நடந்தது. ஐந்தாவது நாள் ஏட்ரியன் குடும்பத்தோடு விமானம் ஏறினார். மூன்று பக்கங்களும் ஒரே மதியத்தில் முடக்கப்பட்டன. மைய இயக்குநரைக் கோலாலம்பூரில் கைதுசெய்து, பிறகு நீதிமன்றத்தில் குற்றம் சாட்டினார்கள். பதினான்காம் தேதி காலை இரண்டு வேன்களை டோல் சாவடியிலேயே நிறுத்தினார்கள். உள்ளே இருந்த பலருக்கு எங்கே போகிறோம் என்றே தெரியவில்லை. ஒருநாள் சம்பளம் என்று சொல்லி ஏற்றியிருந்தார்கள்.

விசாரணைக்குப் பெல்வூட்டிலிருந்து இருபது பேர்தான் போனார்கள். சன்னாசி தன் வேனில் அழைத்துப் போனார், ஆனால் வழியெல்லாம் தினேஸ்வரியோடு ஒரு வார்த்தை பேசவில்லை. வீடியோ பொய் என்று நாடெங்கும் தெரிந்த பிறகு மேலாளர் மறுபடி போனை எடுப்பதில்லை. அந்தக் கோபம் அவருக்கு.

அவள் பயந்தபடியே நடந்தது. நிறுவனத்தின் வழக்கறிஞர் எழுந்து, "இந்தக் குழு ஒரு வெளிநாட்டின் கைக்கருவி. கேமரா வாங்கியிருக்கிறார்கள். பணம் வாங்கியிருக்கிறார்கள். இப்படிப்பட்டவர்களோடு என்ன பேச்சு?" என்றார்.

சன்னாசி தலையைக் குனிந்தார். தினேஸ்வரி அனுமதி கேட்டு எழுந்தாள்.

"அவர் சொல்றது உண்மை. கேமரா வாங்கினேன். ரெண்டு போன் வாங்கினேன். மாசாமாசம் காசு வாங்கினேன். என்னென்ன வாங்கினேன்னு இந்தத் தாள்ல எழுதி எல்லாத்தையும் அதிகாரிகள்ட்ட ஒப்படைச்சிட்டேன். வாங்கினது நான். இந்த நாப்பத்து மூணு குடும்பம் இல்ல. யாருன்னு தெரியாம வாசலத் தொறந்தது என் தப்பு. ஆனா அவங்க எங்கள அடிச்சிக்கச் சொன்னப்ப, அத வந்து சொன்னதும் நாங்கதான். எங்க மொத மனு அந்த ஆளு இந்தப் பக்கம் வர்றதுக்கு ரெண்டரை வருஷத்துக்கு முன்னாடி. முத்திரை இருக்கு. அத எந்த வெளிநாடும் எழுதிக் குடுக்கல."

பிறகு ஓர் உறையைச் சமரசக் குழுத் தலைவரிடம் கொடுத்தாள். மதீசனின் பிரிவு அனுப்பிய ஒரு பக்கக் கடிதம். விசாரணையின் விவரம் எதுவும் அதில் இல்லை. ஒரே ஒரு பத்திதான்: குடியிருப்பாளர்களின் கோரிக்கை இந்நாட்டிலேயே எழுந்ததென்றும், ஆவணங்களைத் தாம் நேரில் சரிபார்த்ததாகவும், அது வெளிநாட்டுத் தலையீட்டுக்கு முந்தியதென்றும், கோரிக்கையைத் தலையீட்டோடு சேர்த்து எண்ணக்கூடாதென்றும் இருந்தது. அந்தப் பத்தி தேவையா என்று மேலிடத்தில் இரண்டு முறை கேட்டார்களாம். இரண்டு முறையும் மதீசன் தேவை என்று எழுதி அனுப்பினாராம். அவர் அதைப் பெருமையாகச் சொல்லவில்லை. கடிதம் ஏன் தாமதமானது என்று அவள் கேட்டதால் சொன்னார்.

தலைவர் கடிதத்தைப் படித்தார். வழக்கறிஞரிடம் கொடுத்தார். "இனி நிலத்தைப் பற்றிப் பேசுவோம்," என்றார்.

வெளியே வந்ததும் சன்னாசி ஒரு தண்ணீர்ப் போத்தலை நீட்டினார். "குடி. தொண்ட காஞ்சிருக்கும்." வேனில் அவளை முன் இருக்கையில் உட்காரச் சொன்னார். வேறொன்றும் சொல்லவில்லை. தோட்டத்துக்குத் திரும்பும்வரை இருவரும் அடுத்த விசாரணைக்கு என்னென்ன காகிதம் வேண்டும் என்றே பேசினார்கள்.

எட்டு மாதம் இழுத்தது. நடுவில் ஒருநாள் இயக்குநரின் வழக்கில் சாட்சி சொல்லக் கோலாலம்பூர் போனாள். "நீங்களும் காசு வாங்கியவர்தானே?" என்று அங்கேயும் கேட்டார்கள். "ஆமாம்," என்று அங்கேயும் சொன்னாள். வேலையிடத்தில் விடுப்பு தீர்ந்து சம்பளம் பிடித்தார்கள். லயத்தில் சிலர் அவளோடு இன்னும் சரியாகப் பேசுவதில்லை. பக்கத்தை மறுபடி தொடங்கச் சொல்லிக் குழு கேட்டபோது தொடங்கினாள். நிர்வாகிகள் மூன்று பேர், மூவரும் பெல்வூட்டில் இருப்பவர்கள். எந்தப் படமும் இருவர் பார்க்காமல் ஏறாது.

சமரசக் குழுவின் முடிவு வந்தது. முப்பத்தொன்பது குடும்பங்களுக்கு அதே நிலத்தில் தரைவீடு. நான்கு குடும்பங்களுக்கு இல்லை. அவர்கள் ஒப்பந்தக் கங்காணி வழியாக வேலை செய்தவர்கள், தோட்டத்துப் பெயர்ப்பதிவில் அவர்கள் பெயர் ஏறவில்லை. அந்த நான்கில் கருப்பம்மாள் வீடும் ஒன்று.

அன்று மைதானத்தில் வெடி போட்டார்கள். தினேஸ்வரியின் பெயர் முப்பத்தொன்பதில் இருந்தது. அவள் சந்தோஷப்படவில்லை என்று சொல்ல முடியாது. கூரையை அண்ணாந்து பார்த்துக் கொஞ்சம் அழவும் செய்தாள். மறுநாள் காலை வேலைக்குப் போகும் முன் கருப்பம்மாள் வீட்டுக்குப் போனாள். சன்னாசி அங்கே ஏற்கெனவே வந்து உட்கார்ந்திருந்தார்.

"மேல்முறையீட்டுக்கு இருபத்தொரு நாள் இருக்கு," என்றாள் தினேஸ்வரி. "கங்காணி குடுத்த சம்பளச் சீட்டு ஏதாவது வச்சிருக்கீங்களாக்கா? இ.பி.எஃப். சேமநிதிப் புத்தகம்? கிளினிக் கார்டு? தோட்டம் பேரு போட்ட எதுவா இருந்தாலும் சரி."

கருப்பம்மாள் அலமாரியைத் திறந்து ஒரு பிஸ்கட் டின்னை எடுத்துவந்தாள். "இதுக்கும் நாலு வருஷம் ஆவுமாடி?"

"ஆகலாம்."

"அதுவரைக்கும் உன் புது வீட்டுல என்னைய வச்சுக்குவியா?"

"வச்சுக்குவேன். ஆனா உங்களுக்குன்னு ஒன்னு வாங்காம விட மாட்டேன்."

சன்னாசி மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முதல் சீட்டை வெளிச்சத்துக்குப் பிடித்தார். மை மங்கியிருந்தது. ஆனால் தோட்டத்தின் பெயரையும் தேதியையும் படிக்க முடிந்தது.